சிகப்பியைப் பாதாளத்துக்கு அனுப்பினேன்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மாடியில் போட்ட துணி மூன்றாவது நாளாக ஈரம். பள்ளிக்கு விடுமுறை விடவில்லை. ப்ளஸ் ஒன் ஆங்கில விடைத்தாள் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை: கேஸ் பதிவு. உமாவுக்குப் பல் டாக்டர். படைப்புக்குச் சேலை. அத்தியாயம் 31, வியாழன் மாலைக்குள்.

கடைசியில் உள்ளது யாருக்கும் தெரியாது. என் கணவர், உமா அப்பாவுக்குத் தெரியாது, மகள் உமாவுக்கும் தெரியாது. ஒரு கதைச் செயலியில் யாமினி என்ற பெயரில் எழுதுகிறேன். ரத்தக்காட்டேரிக் காதல் கதை. நாற்பத்தாறு வயதில். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில், கைப்பேசியில், கட்டைவிரலால்.

இன்று மதியம் ஒரு பின்னூட்டம். பெயர் இல்லை, படம் இல்லை.

‘சிகப்பின்னு பேரு வைக்க யாரைக் கேட்டீக? பேழைக்குள்ள இருக்கிறவளை வெளிய இழுக்காதீக.’

கேட்டீக. இழுக்காதீக. சென்னைக்காரர் இல்லை, கோயம்புத்தூர்க்காரர் இல்லை, எங்கள் பக்கத்து ஆள். பேழையைப் பற்றித் தெரிந்தவர் என்றால் உமா அப்பா வீட்டுப் பங்காளிகளில் ஒருவர்.

ஸ்டாஃப் ரூமில் டீ ஆறிப்போனது.

வலையபட்டியில் உமா அப்பாவின் பூர்வீக வீட்டில் ஒரு மரப்பெட்டி. அதைத்தான் பேழை என்பார்கள். உள்ளே சிகப்பியின் சேலை. இவர்கள் வழியில் எப்போதோ பிறந்த பெண், கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாம்பு கடித்துச் செத்தாள், தெய்வமானாள். சில வருடங்களுக்கு ஒருமுறை பங்காளிகள் எல்லோரும் கூடி அவளுக்குச் சோறு படைத்து, புதுச் சேலை வைத்து, பழையதை எடுப்பார்கள். வெளி ஆட்களிடம் பேசுவதில்லை. கல்யாணமாகி வேறு வீடு போன பெண்கள்கூட அந்தச் சோற்றைச் சாப்பிடக் கூடாது. அடுத்த படைப்பு வருகிற பதினாலாம் தேதி.

அந்தப் பெண்ணைத்தான் எடுத்து என் கதாநாயகி ஆக்கினேன். பெயரைக்கூட மாற்றவில்லை. அழகான பெயர் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

உமா தலைவலி என்று சாப்பிடாமல் படுத்தாள்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. தெருவில் தண்ணீர் நிற்கிறது. கொசு.

பின்னூட்டத்தை நீக்கினேன். மறுபடி வந்திருக்கிறது. ‘நீக்குனா ஆச்சா?’ என்று ஒரு வரி மட்டும்.

யாராக இருக்கும்?
— மெய்யம்மை (இளைய ஓரகத்தி, கல்லலில் இருக்கிறாள்). கைப்பேசியில் சீரியல் மட்டும்தான் பார்ப்பாள்.
— சிங்கப்பூர்ப் பங்காளிகளின் மருமகள்கள். அவர்கள் தமிழ் படிப்பார்களா?
— அழகம்மை ஆச்சி, இவருடைய பெரியம்மா. எண்பது வயது. வாய்ப்பில்லை.
— உமா அப்பா. இல்லை. இல்லை.

கணக்கு டீச்சர் ‘என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க’ என்றார். பள்ளியில் தெரிந்தால் வேலை போகும். கழுத்தில் பல் பதிக்கிற காட்சியை அத்தியாயத்துக்கு ஒன்று எழுதுகிறவள் எப்படிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது?

நாலு மணிக்கு மெய்யம்மை ஃபோன். மூத்தவள் என்பதால் என்னையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

‘ஆச்சி, சேலை எடுத்தாச்சா? பச்சைதான் எடுக்கணும், மறந்துறாதீக. போன தடவை அரக்கு எடுத்துட்டுப் போயி அழகம்மை ஆச்சி பேசின பேச்சு இருக்கே!’

‘எடுத்துருவேன்.’

‘நீங்க எங்குட்டு எடுக்கப் போறீக. எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கீகளாம். உமா சொல்றா. யாரு ஆச்சி அந்தப் பக்கம், எங்களுக்கும் சொல்லக் கூடாதா?’

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உமாவுக்குக் காய்ச்சல் 102. கண்ணுக்குப் பின்னால் வலி என்கிறாள்.

நவம்பர் 6, வியாழன்

லீவு போட்டேன். உமாவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். டெங்கு. உமா அப்பா பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டைச் சுற்றி வந்து பூந்தொட்டித் தட்டுகளையெல்லாம் கவிழ்த்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன் பிரசவ அறைக்கு வெளியேயும் இப்படித்தான் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

டாக்டர்: இப்போதைக்கு வீட்டில் வைத்துப் பாருங்கள், தண்ணீர் கொடுங்கள், நாளைக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.

அத்தியாயம் 31 போடவில்லை. அதில்தான் சிகப்பி மாதுளை தின்ன வேண்டும். மாலையிலிருந்து பின்னூட்டங்கள்.

‘யாமினி மேம், ஏன் இன்னும் வரல, ஆபீஸ்ல வேலையே ஓடல.’
‘ஆதவன் கையால அவளுக்கு மாதுளை ஊட்டணும் ப்ளீஸ்.’
‘அந்த அம்மா கேரக்டரைச் சீக்கிரம் கொன்னுருங்க. சகிக்கல.’

கடைசியது நூற்றுக்கு மேல் விருப்பக்குறி வாங்கியிருக்கிறது.

கதை என்னுடையது இல்லை. மதுரையில் எம்.ஏ. படிக்கும்போது கல்லூரி நூலகத்தில் ஒரு கிரேக்கப் புராணப் புத்தகத்தில் கிடைத்தது. பெர்சிஃபனி பூப்பறிக்கப் போனாள். பூமி பிளந்தது. பாதாள ராஜா ஹேடீஸ் தேரில் வந்து தூக்கிப் போனான். அங்கே மாதுளை முத்து தின்றதால் அவளால் முழுவதும் திரும்ப முடியவில்லை. வருடத்தில் பாதி அம்மாவிடம், பாதி செத்தவர்கள் நடுவில். இந்த வகைக் கதை எழுதுகிற பாதிப் பேர் இதைத்தான் எடுக்கிறோம். ஹேடீஸ் ஏற்கெனவே இருட்டில் இருப்பவன், ராஜா, தனியாள், ஒருத்திக்கு மட்டும் இளகுகிறவன். இரண்டு பல் வைத்தால் போதும். என் ஆதவன் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்குள் இருக்கிறான். வெயிலில் வர முடியாதவனுக்கு ஆதவன் என்று பெயர். அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தூக்கிப் போனதைக் கூட்டிப் போனதாக மாற்றுவது சுலபம். ‘அவளும் விரும்பினாள்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்த்தேன், அத்தியாயம் 4-இல்.

நூலகப் புத்தகத்தில் அம்மா டிமீட்டர் தேடி அலைவது பக்கம் பக்கமாக வரும். அவள் துக்கத்தில் ஊரில் ஒரு பயிர் முளைக்காது. என் கதையில் அவளுக்கு நான் கொடுத்த வேலை: கதவைப் பூட்டுவது, சாபமிடுவது.

உமா கால் வலிக்கிறது என்று அழுதாள். பிடித்துவிட்டேன். கணுக்கால் அருகே சிவப்புப் புள்ளிகள்.

நவம்பர் 7, வெள்ளி

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. இரண்டாவது மாடி, ஜன்னல் பக்கம். பிளேட்லெட் 68 ஆயிரம். சொட்டு மருந்து. காலையும் மாலையும் ரத்தம் எடுக்கிறார்கள்.

கொண்டுவர வேண்டியது: பிளாஸ்க், போர்வை, சார்ஜர், உமாவின் பழைய நைட்டி, ஓட்ஸ்.

ரத்தம் எடுக்கும்போது பார்க்க முடியவில்லை. முப்பது அத்தியாயம் ரத்தம் எழுதியிருக்கிறேன். ‘செம்பவளத் துளி’ என்றெல்லாம். குழாயில் ஏறும்போது அது கறுப்பாக இருக்கிறது. அழகாக இல்லை.

நர்ஸ் பெயர் ரஹ்மத். முப்பது வயது இருக்கும். கணவர் துபாயில். வாய் ஓயாது. மதியம் வார்டு அடங்கியதும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். என் அட்டைப்படம்.

‘என்னம்மா படிக்கிறே?’

‘கதைக்கா. ஒரு ரத்தக்காட்டேரி. சிரிக்காதீக. நேத்து போட வேண்டிய பாகத்தை இன்னும் போடல அந்தம்மா. எங்க ஓடிப்போச்சோ.’

‘ரத்தக்காட்டேரியைப் போய் யாராவது லவ் பண்ணுவாகளா?’

‘ஏன்க்கா, தினம் வந்து நிக்கிறான்ல! எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வர்றாரு. வந்தா பொட்டியப் பிரிக்கிறாரு, தூங்குறாரு, போயிர்றாரு. கடிச்சாக் கடிச்சுட்டுப் போறான், பக்கத்துல இருக்கான்ல.’

பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தாள். உமாவும் கண்ணை மூடியபடியே சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

‘அந்தப் புள்ளையோட அம்மாக்காரிதான்க்கா தொல்லை. விடவே மாட்டேங்கிறா. பேசாமப் போய்ச் சேர வேண்டியதுதானே!’

சொல்லிக்கொண்டே எழுந்து, என் மகளின் நாடியைப் பிடித்து, கடிகாரம் பார்த்தாள்.

நவம்பர் 8, சனி

காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றி குளிர்ந்திருந்தது. உமா அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். டாக்டர் வந்து பார்த்தபோது அவர் முகம் மலரவில்லை. ‘காய்ச்சல் விட்ட பிறகுதாம்மா நாங்க பயப்படுவோம். அடுத்த ரெண்டு நாள் கவனமா இருக்கணும். வயித்து வலி, வாந்தி, எங்கயாவது ரத்தம், உடனே சொல்லுங்க.’

பிளேட்லெட் 31.

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். நுரை இளஞ்சிவப்பு. நான் துடைத்தேன். அவளிடம் பேஸ்ட் நிறம் என்று சொன்னேன்.

எதற்கு இப்படி நினைக்கிறேன்? படித்தவள். டெங்கு கொசுவால் வருவது. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நின்றது. அதுதான், அது மட்டும்தான்.

ஆனால் பேழைக்குள் இருக்கிற பெண்ணைப் பிடித்து ரத்தம் குடிக்கிறவனிடம் கொடுத்தேன். வீட்டில் அதே வயதில் இருப்பவள் உமா. யாரோ கேட்டார்கள், யாரைக் கேட்டீக என்று. கேட்கவில்லை.

மதியம் மருத்துவமனைக் கழிப்பறையில் நின்று செயலியைத் திறந்தேன். ‘இந்தப் படைப்பை நீக்கவா?’ என்று கேட்டது. ஆம், இல்லை. விரலை வைக்கவில்லை. முப்பது அத்தியாயம். தினமும் எனக்காகக் காத்திருக்கும் அத்தனை பேர். என் வாழ்க்கையில் வேறு யாரும் நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருந்ததில்லை.

மகள் அந்த நிலையில் கிடக்க, நான் இதை நினைத்தேன். எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

மாலை 24.

நவம்பர் 9, ஞாயிறு

19.

உமா பேசுவதற்கே சோர்வாக இருக்கிறாள். மூக்கில் ஒரு துளி வந்தது. பிளேட்லெட் ஏற்ற வேண்டியிருக்கலாம், மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், மாலை வரை பார்ப்போம் என்றார் டாக்டர். உமா அப்பா ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். வராந்தாவில் அவர் குரல்: ‘ஓ பாசிட்டிவ்டா… ஆமாடா, என் மகளுக்குத்தான்…’ அந்த ‘தான்’ உடைந்தது.

பதினொன்றரைக்கு நேர்ந்துகொண்டேன். மஞ்சள் துணியில் காசு முடியவில்லை, மொட்டை நேரவில்லை. என்னிடம் இருக்கிற பயத்தையே கொடுத்தேன்.

பேழை திறப்பதற்கு முன் படைப்பில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் மூத்தவர் ‘தப்பு இருந்தா சொல்லிருங்க’ என்பார். எல்லோரும் கைகூப்பி, ‘அறிஞ்சும் அறியாமலும்’ என்று சேர்ந்து முணுமுணுத்து விழுந்து கும்பிடுவோம். என்ன தப்பு என்று யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கான இடம் அல்ல அது. உமா பிழைத்தால் அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், வாய்விட்டுச் சொல்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு மெய்யம்மை கல்லலிலிருந்து வந்தாள். கஞ்சி, துவையல். உமாவின் காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு என்னை மாடிப்படிக்கு அழைத்தாள்.

‘ஆச்சி, நான் சொல்றதக் கேட்டுக் கோவிச்சுக்காதீக. அந்தக் கமெண்டு நான்தான் போட்டேன்.’

படியில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

‘நீங்கதான்னு ஏழாவது பாகத்துலயே தெரியும். பேழைச் சேலைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி மடிப்பாகன்னு எழுதியிருந்தீக. நம்ம ரெண்டு பேரும்தானே போன தடவை மடிச்சோம்? வேற எவளுக்குத் தெரியும்?’

‘யார்கிட்டயும்…?’

‘சொல்லல. சொல்ல மாட்டேன். திட்டிக்கிட்டேதான் படிச்சேன், ஆனா ஒரு பாகம் விடல. அவனை அவ்வளவு நல்லவனா எழுதுனீகளே, அதுதான் பொறுக்கல.’ படியில் உட்கார்ந்தாள். ‘பாம்பு கடிக்கல ஆச்சி. நம்ம மாமியா சாகுறதுக்கு முந்தி எங்கிட்ட மட்டும் சொன்னாக. மாப்பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல. இவ மாட்டேன்னு அழுதிருக்கா. யாரும் கேக்கல. கெணத்துல விழுந்துட்டா. பெறகு பாம்புன்னாக, தெய்வம்னாக. சேலை வச்சுக் கும்புட்டாக. இப்ப நீங்க வந்து அவளும் ஆசைப்பட்டான்னு எழுதுறீக.’

‘எனக்குத் தெரியாது, மெய்யு.’

‘தெரியாதுதான். யாருக்குத் தெரியும்.’

இரண்டு பேரும் அழுதோம். யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், வழிவிட்டோம்.

மாலை 19. இறங்கவில்லை. மதுரைக்கு அனுப்ப வேண்டாம், காலை வரை பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நவம்பர் 10, திங்கள்

27. டாக்டர் முதல்முறையாக உமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு இட்லி தின்றாள். உமா அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார், வாய் திறந்து.

நவம்பர் 11, செவ்வாய்

58. உமாவுக்குக் கோபம் வருகிறது, ஓட்ஸைத் தள்ளிவிட்டாள். கோபம் நல்லது என்றாள் ரஹ்மத். ‘இன்னும் கதை வரலக்கா. அந்தம்மாவுக்கு என்ன கஷ்டமோ.’

நவம்பர் 12, புதன்

வீடு. சாம்பார் வாசனைக்கு உமா எழுந்து வந்து சமையல் அறை வாசலில் நின்றாள். சட்டை தோளில் நழுவுகிறது.

டாக்டர் கடைசியாகச் சொன்னது: இன்னொரு முறை வந்தால் இதைவிட மோசமாக இருக்கும், கவனம். டிமீட்டரும் இப்படித்தான் இருந்திருப்பாள். மகள் திரும்பி வந்துவிட்டாள், ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் எண்ண வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

தூறல். சேலை எடுத்தேன். பச்சை, அரக்குக் கரை. கடைக்காரர் ‘யாருக்குக்கா, மகளுக்கா?’ என்றார். பில்லை வாங்கினேன்.

உமா பிழைத்துவிட்டாள். இப்போது நேர்ந்தது நிற்கிறது. நேற்று வரை அது ஒன்றுமே இல்லை. இன்று அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். உமா அப்பா எப்படி நிற்பார்? அவர் தம்பி சிரிப்பார். யாராவது பள்ளியில் சொல்வார்கள். உமா படிப்பாள். 22-ஆம் அத்தியாயத்தை உமா படிப்பாள், கடவுளே.

உமா அப்பாவிடம் முன்னாலேயே சொல்லலாம் என்று போனேன். கடைக்கு வந்த சரக்கை எழுதிக்கொண்டிருந்தார். ‘என்ன வள்ளி?’ என்றார். ‘நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?’ என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மெய்யம்மைக்கு ஃபோன் செய்து நேர்ந்துகொண்டதைச் சொன்னேன்.

‘வாய்விட்டா? உங்களுக்குக் கிறுக்கா ஆச்சி? மனசுக்குள்ள சொன்னா அவளுக்குக் கேக்காதா? எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்.’

அப்படித்தான் சொல்கிறோம். இத்தனை வருடமும்.

நவம்பர் 14, வெள்ளி

ஏழு மணிக்குக் கிளம்பினோம். வெயில். வலையபட்டி வரை உமா என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

நடந்தபடி எழுதுகிறேன்.

பேழை முன்னால் இலை போட்டாயிற்று. கத்தரிக்காய், பச்சை மொச்சை, பணியாரம், மற்றதெல்லாம். பெண்கள் இடதுபுறம். உமா கல்யாணமாகாத பெண்களோடு முன்வரிசையில், தூணில் சாய்ந்து. மெய்யம்மை என் பக்கத்தில், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. பிடித்தது ஆறுதலுக்கா தடுக்கவா, தெரியவில்லை.

அழகம்மை ஆச்சி சாவியோடு நின்றார். ‘தப்பு இருந்தா சொல்லிருங்க.’

எல்லோரும் கைகூப்பினார்கள். முணுமுணுப்பு தொடங்கியது. ‘அறிஞ்சும்…’ எல்லோரும் விழுந்தார்கள். நான் விழவில்லை. நின்றுகொண்டிருந்தேன். மெய்யம்மை என் சேலையை இழுத்தாள்.

‘நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன்,’ என்றேன். குரல் கிரீச்சென்று வந்தது. ‘இவ கதைய எடுத்து நான் எழுதுறேன். போன்ல. ரொம்பப் பேர் படிக்கிறாக. பேரையும் மாத்தல.’

விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உமா அப்பா எழவில்லை. மண்டியிட்டபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத வரவில்லை.

பின்னால் ஒரு பெரியவர்: ‘என்னங்கிறா?’

கொழுந்தனார்: ‘கதை எழுதுறாகளாம்ப்பா.’

‘கடையா? எந்த ஊர்ல?’

யாரோ சிரித்தார்கள். யாரோ ‘ச்சீ, சும்மா இரு’ என்றார்கள். உமா தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அழகம்மை ஆச்சி சிரிக்கவில்லை.

‘கதையில அவளை என்ன பண்ணினே, வள்ளி?’

‘ஒருத்தன் தூக்கிட்டுப் போறான், ஆச்சி. பாதாளத்துக்கு. அவளும் ஆசைப்பட்டுப் போனான்னு எழுதிட்டேன்.’

மெய்யம்மை தலையைக் குனிந்துகொண்டாள். ஆச்சியின் கையில் சாவிக்கொத்து ஆடியது. கிணற்றைப் பற்றி அவருக்கும் தெரியும். அது முகத்தில் அப்படியே இருந்தது.

‘அவ ஆத்தா?’ என்றார் ஆச்சி, மெதுவாக. ‘உன் கதையில அவளுக்கு ஆத்தா இருக்காளா?’

‘இருக்கா.’

‘போயிக் கேட்டாளா, அவன்கிட்ட?’

‘இன்னும் அந்தப் பாகம் எழுதல, ஆச்சி.’

ஆச்சி திரும்பி, பேழைப் பூட்டில் சாவியை நுழைத்தார். சாவி சேரவில்லை. கொத்தை என் பக்கம் நீட்டினார். ‘இங்குட்டு வந்து நீ திற,’ என்றார்.